1372இல் இருக்கும் மேசைக்கு 1492இலிருந்து வந்த பெடியன்

தம்பி, உங்கள் கேள்வியை மற்றவர்களுக்கும் விளங்கும்படி ஒருமுறை சொல்லிவிடுகிறேன். கிளிநொச்சியில் நீங்கள் ஆறு பேர், ஞாயிற்றுக்கிழமைகளில் ரியூசன் மண்டபம் காலியான பிறகு, மேசைகளைச் சேர்த்துப் போட்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடுகிறீர்கள். ஒருவர் கதை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகக் கற்பனை உலகமொன்றில் திரியும் விளையாட்டு அது. உங்களிடம் இருக்கும் கதையுலகப் புத்தகம் 2001இல் வந்த ஃபொர்கொட்டன் ரெல்ம்ஸ். உங்களில் ஒருவருடைய மாமா கோயில் திருவிழாவுக்கு ரொறன்ரோவிலிருந்து வந்தபோது கொண்டுவந்து கொடுத்தது. அதன்படி கதை நடக்கும் ஆண்டு 1372. இப்போது ஏழாவதாக ஒரு பெடியன் சேர்ந்திருக்கிறான். அவன் புத்தகம் வாசித்து வந்தவன் அல்ல, அதே கதையுலகத்தில் 1492ஆம் ஆண்டில் நடக்கும் பால்டர்ஸ் கேட் 3 கணினி விளையாட்டை முடித்துவிட்டு வந்தவன். கொலைத்தெய்வமான பாஹ்லின் இரத்தவழியில் வந்த பாத்திரம் ஒன்று தனக்கு வேண்டும் என்கிறான். பழைய ஆக்கள், பாஹ்ல் செத்து 14 வருடம் ஆகிவிட்டது என்கிறார்கள். அவனோ, புதிய பதிப்பில் பாஹ்ல் திரும்பி வந்துவிட்டான், உங்களுடைய புத்தகம் காலாவதியாகிவிட்டது என்கிறான். புதிய பதிப்பு வரும்போது ஏற்கனவே நிலைபெற்ற கதையுலகத்தை மாற்றலாமா, மாற்றினால் நாங்களும் மாறவேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மாற்றுவது விளையாட்டை வெளியிடும் கொம்பனியின் உரிமை, பின்னால் போவது உங்கள் விருப்பம். சண்டை தீர இவ்வளவும் காணும். ஆனால் கேள்வியின் ருசியான பகுதி வேறு இடத்தில் இருக்கிறது. சில மாற்றங்களை விளையாடுகிறவர்கள் மனதார ஏற்றுக்கொண்டார்கள். சிலவற்றைப் பதினைந்து வருடம் கழித்தும் திட்டுகிறார்கள். என் கணிப்பு என்னவென்றால், விதி மாறியதற்குச் சாட்டுச் சொல்வதற்காக உலகத்தையே போட்டு உலுப்பிய மாற்றங்கள்தான் திட்டு வாங்கின. மேசையில் இருப்பவர்களுக்குப் புதிதாகச் செய்ய ஏதாவது கொடுத்தவை ஒட்டிக்கொண்டன.

விதியும் உலகமும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டுதான் நிற்கவேண்டும் என்று இல்லை என்பதற்கு உங்கள் குழுவே சாட்சி. உங்களுடைய உலகம் 2001இல் வந்த மூன்றாம் பதிப்பினுடையது. விதிகளோ ஐந்தாம் பதிப்பினுடையவை, 2023 ஜனவரியில் கொம்பனி கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்டவை. இரண்டையும் சேர்த்து இத்தனை காலம் விளையாடியிருக்கிறீர்கள். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. ஒரு மந்திரவாதி தன் மந்திரங்களை எப்படி நினைவில் வைக்கிறான் என்ற விதி மாறியதை ஊரில் யாரும் கவனித்திருக்கக்கூட மாட்டார்கள்.

கொம்பனி அப்படி நினைக்கவில்லை. எட் கிரீன்வுட் உருவாக்கிய இந்த உலகம் 1987இல், புத்தகமும் வரைபடமும் அடங்கிய முதல் பெட்டியாக வெளிவந்தது. இரண்டே வருடத்தில், 1989இல், டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் இரண்டாம் பதிப்பு வந்தது. அதில் கொலையாளி என்ற பாத்திர வகையை எடுத்துவிட்டார்கள். புத்தகத்தில் சில பக்கங்களை விட்டுவிட்டால் முடிந்த சோலி. ஆனால் விதியில் இல்லாதவன் உலகத்திலும் இருக்கக்கூடாது என்று யாரோ முடிவெடுத்தார்கள். அதற்கு வசதியாக 1358ஆம் ஆண்டில் தெய்வங்கள் எல்லோரும் வானத்திலிருந்து நிலத்துக்குத் தள்ளப்பட்டார்கள். அந்தக் குழப்பத்தில் பேன் என்ற தெய்வத்துக்குச் சண்டைக்குப் பலம் தேவைப்பட, உலகத்தில் உள்ள கொலையாளிகள் அத்தனை பேருடைய உயிரும் ஒரே மூச்சில் எடுக்கப்பட்டது. உங்களுடைய பாஹ்ல் செத்ததும் அந்த ஆண்டில்தான். எங்காவது ஒரு மேசையில் யாராவது ஒரு கொலையாளிப் பாத்திரத்தைப் பார்த்துப் பார்த்து வளர்த்திருந்தால் அதுவும் அன்றோடு சரி. வேடிக்கை என்னவென்றால், 2000இல் மூன்றாம் பதிப்பு வந்தபோது கொலையாளி திரும்பவும் விதிப்புத்தகத்துக்குள் வந்துவிட்டான். அவனுக்காகச் செத்தவர்கள் செத்தபடி.

2008இல் நடந்தது இதைவிடப் பெரியது. நான்காம் பதிப்பில் மந்திர விதிகள் அடியோடு மாறின. எனவே 1385இல் மந்திரத்தின் தெய்வமான மிஸ்ட்ராவைக் கொன்றார்கள். அவளோடு மந்திரம் குழம்பி, ஸ்பெல்பிளேக் என்ற பேரழிவு வந்து, நாடுகள் எரிந்தன. மந்திரவாதிகளின் நாடான ஹல்ருவா அழிந்தது. கடலுக்கு அப்பால் இருந்த மஸ்டிகா கண்டம் இடத்தில் இல்லை, வேறு உலகத்திலிருந்து வந்த நிலம் அங்கே. புதிய விதிப்புத்தகத்தில் டிராகன்போர்ன் என்ற டிராகன் முக இனம் சேர்க்கப்பட்டிருந்தது. அவர்களுக்கு ஒரு நாடு வேண்டுமே? உன்தர் என்ற பழைய நாட்டின் நிலத்தில் டைமாந்தர் என்ற டிராகன்போர்ன் நாட்டைக் கொண்டுவந்து இறக்கினார்கள். உன்தரில் கதை நடத்திக்கொண்டிருந்தவனைப் பற்றி யார் யோசித்தார்? பிறகு ஆண்டை 1479க்குத் தள்ளினார்கள். அதாவது உங்கள் மேசைக்கு நூறு வருடத்துக்கு மேல்.

அந்த நூறு வருடத்தை நினைத்துப் பாருங்கள். எல்மின்ஸ்டர் போன்ற பெரிய மந்திரவாதி உயிரோடு இருப்பான், அவனுக்கு எதுவும் ஆகாது. நீங்கள் ஓர்க் கூட்டத்திடமிருந்து காப்பாற்றிய ஊரின் தலைவி, கடனுக்குச் சாப்பாடு போட்ட சத்திரக்காரன், பழிவாங்குவதாகச் சத்தியம் செய்துவிட்டு ஓடிய கள்ளன், மனித இனத்தில் நீங்கள் உருவாக்கிய அத்தனை பாத்திரங்கள், எல்லோரும் மண்ணுக்குள். சண்டையில் செத்தால்கூடப் பரவாயில்லை. இரண்டு புத்தகங்களுக்கு இடையில் செத்துவிட்டார்கள்.

இதைச் செய்தவர்கள் விசரர்கள் அல்ல, அவர்களுக்கும் ஒரு நியாயம் இருந்தது. 1987 முதல் இருபது வருடமாக நாவல்கள், துணைப் புத்தகங்கள், கணினி விளையாட்டுகள் என்று குவிந்து, புதிதாக வருகிறவன் எங்கே கால் வைப்பது என்று தெரியாத நிலை. ஒவ்வொரு நகரத்திலும் ஒரு பெரும் மந்திரவாதி இருந்தால் இப்போதுதான் தொடங்கும் முதலாம் நிலைப் பாத்திரத்துக்கு அங்கே என்ன வேலை? ஏன் எல்மின்ஸ்டரே வந்து இதைத் தீர்க்கக்கூடாது என்று கேட்டால் பதில் இல்லை. பிரச்சினை உண்மையானது. ஆனால் அதற்கு, எல்மின்ஸ்டர் இந்த மாவட்டத்துக்கு வருவதில்லை என்று ஒரு வரி எழுதியிருந்தால் முடிந்திருக்கும்.

2014இல் ஐந்தாம் பதிப்பு வந்தபோது இன்னொரு பெரும் நிகழ்வை வைத்து அநேகமாக எல்லாவற்றையும் திருப்பினார்கள். மிஸ்ட்ரா வந்தாள், ஹல்ருவா வந்தது, பாஹ்லும் வந்தான். உங்கள் பெடியன் கணினியில் பார்த்தது 1492ஆம் ஆண்டின் உலகம், இத்தனை இடிபாடுகளுக்கும் திருத்தங்களுக்கும் பிறகு பூசி எடுத்தது. அவன் பொய் சொல்லவில்லை. உங்கள் பழைய ஆக்களும் பொய் சொல்லவில்லை.

இப்படிப் போய்த் திரும்பியது ரெல்ம்ஸ் மட்டுமல்ல. டிராவலர் என்ற விண்வெளி விளையாட்டு 1977இல் வந்தது. 1987இன் பதிப்பில் பேரரசர் ஸ்ட்ரெஃபோனைச் சுட்டுக் கொன்று பேரரசைச் சிதறடித்தார்கள், 1993இன் பதிப்பில் ஒரு கணினி வைரசைக் கொண்டு மிச்சத்தையும் முடித்தார்கள். 1998இல் வேறொரு கொம்பனி, அந்தக் கொலையே நடக்காத உலகம் என்று சொல்லி ஒரு பதிப்பு விட்டது. 2008இல் வந்த பதிப்பு கொலைக்குப் பல வருடம் முந்திய காலத்துக்கே போய்விட்டது. டார்க் சன் என்ற இன்னொரு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் கதையுலகம் 1991இல் வந்தது. அதன் நாவல்களில் கதாநாயகர்கள் பெரிய வில்லன்களைத் தாங்களே கொன்று முடித்துவிட, 1995இன் திருத்திய பெட்டியில் விளையாடுகிறவனுக்கு மிச்சம் மீதிதான் கிடைத்தது. 2010இல் நாவல்களில் நடந்ததை ஒதுக்கிவைத்துவிட்டு, முதல் கொடுங்கோலன் விழுந்த கையோடு நிற்கும் உலகத்தைத் திரும்பக் கொடுத்தார்கள். கிரேஹோக் என்ற கதையுலகம் 1983இன் பெட்டியில் 576ஆம் ஆண்டில் இருந்தது, பிறகு பெரும் போர்களுக்கூடாக முன்னே போனது. 2024இல் வந்த, கதை நடத்துபவருக்கான டன்ஜன் மாஸ்டர் கையேட்டில் அதை மாதிரி உலகமாகக் கொடுத்தபோது ஆண்டு திரும்பவும் 576. நாற்பது வருடம் சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்தார்கள்.

இதில் எங்கள் பக்கத்து ஆக்களுக்கு ஒரு தனிச் சோலியும் இருக்கிறது. முக்கிய விதிப்புத்தகமான பிளேயர்ஸ் ஹேன்ட்புக் 2024இல் வந்தபோது அமெரிக்காவில் 49.99 டொலர். தபால் செலவையும் சுங்கத்தையும் சேர்த்தால் எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்குத் தெரியும். வெளிநாட்டிலிருந்து மாமா வரும்வரை காத்திருக்கிறவனுக்கு ஒரு புத்தகம் என்பது பத்து வருடச் சாமான். விதி மாறினால் சமாளிக்கலாம், உங்களைப் போல இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். கதையுலகம் நூறு வருடம் பாய்ந்தால் அந்தப் புத்தகத்தில் உள்ள ஊர்ப்பெயர், ஆள்பெயர், வரைபடம் எல்லாம் ஒரே நாளில் பழங்கதை. வன்கூவரில் இருப்பவன் முகம் சுளித்துவிட்டு அடுத்ததை வாங்குவான். மாங்குளத்தில் இருப்பவன் என்ன செய்வான்?

சரி, மாறாமலே இருந்த உலகம் உண்டா? உண்டு, நான் நடத்துவதே அதைத்தான். எபரான். 2002இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிடும் விசர்ட்ஸ் கொம்பனி புதிய கதையுலகம் கேட்டு ஒரு போட்டி வைத்தது. 11,000க்கு மேற்பட்ட முன்மொழிவுகளில் கீத் பேக்கருடையது தெரிவாகி 2004இல் புத்தகமானது. கதை தொடங்கும் ஆண்டு 998. 2009இல் நான்காம் பதிப்புக்கு வந்தபோதும் 998. 2019இல் ஐந்தாம் பதிப்புக்கு வந்தபோதும் 998. அங்கே நடந்த நாவல்கள் விளையாட்டின் உலகத்தைக் கட்டுப்படுத்தாது என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்கள். டிராகன்போர்ன் பிரச்சினை இவர்களுக்கும் வந்தது, அதே விதிப்புத்தகம்தானே. இவர்கள் ஒரு நாட்டையும் அழிக்கவில்லை. கியூபாரா என்ற காட்டு நாட்டில் அவர்கள் எப்போதோ இருந்தவர்கள்தான், வெளியார் வடிவாகக் கவனிக்கவில்லை என்று எழுதினார்கள். ஒரே இனம், ஒரே விதி. ஒருவர் கண்டத்தைக் கிழித்தார், மற்றவர் ஒரு பந்தியில் முடித்தார்.

எபரானில் நூறு வருடத்துக்கு மேல் நீண்ட ஒரு போர் 996இல் ஒப்பந்தத்தோடு முடிகிறது. அதற்கு இரண்டு வருடம் முந்தி, 994இல், சயர் என்ற நாடு ஒரே நாளில் அழிந்துபோனது. இன்றைக்கு அங்கே சாம்பல் மூட்டம். உயிர் தப்பிய சயர் ஆக்கள் பக்கத்து நாடுகளில் அகதிகள். அழிவுக்குக் காரணம் யார், என்ன என்று இத்தனை பதிப்புகளில் ஒரு புத்தகமும் பதில் சொல்லவில்லை. அந்தந்த மேசையே முடிவுசெய்யட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

மல்லாவியில் எங்கள் மேசையில் இருப்பவர்களில் சிலர் 2009இல் செட்டிக்குளம் முகாமில் சிறுபிள்ளைகளாக இருந்தவர்கள். நான் ஒன்றும் விளக்கவில்லை. இரண்டு பேர் தாங்களாகவே சயர் ஆக்களைத் தெரிவுசெய்தார்கள். ஒருவர் போருக்காகச் செய்யப்பட்டு, போர் முடிந்ததும் இனி என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கும் வோர்ஃபோர்ஜ்ட் என்ற உலோக மனிதனை எடுத்தார். காரணத்தைக் கொம்பனி அடுத்த பதிப்பில் அறிவித்துவிட்டால் என்ன செய்வோம் என்று ஒருநாள் பேச்சு வந்தது. வேண்டவே வேண்டாம் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். அந்தப் பதிலை எழுத அமெரிக்காவில் இருக்கும் ஒரு கொம்பனிக்கு என்ன உரிமை என்று அவர்கள் கேட்டபோது விளையாட்டைப் பற்றி மட்டும் கேட்டார்கள் என்று நான் நினைக்கவில்லை.

ஆனால் அதே மேசையில் ஒரு தங்கச்சி எதிர்ப்பக்கமும் சொன்னாள். போர் முடிந்து இரண்டு வருடத்திலேயே எத்தனை காலம் நிற்பது, வீடு கட்டவேண்டாமா, கிணறு இறைக்கவேண்டாமா என்று கேட்டாள். நியாயமான கேள்வி. உறைந்துபோன உலகத்தை நான் புகழ்வதைக் கேட்டு யாரும் உலகம் நகரவே கூடாது என்று நினைக்கவேண்டாம். புத்தகம் 998இல் நிற்கட்டும், மேசை நகரட்டும். எங்கள் மேசையில் இப்போது 1004. சயர் அகதிகளின் குடியேற்றத்தில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. அதற்கு எங்கிருந்து கல் ஏற்றினார்கள், எந்தப் பிரபு காணியைத் தர மறுத்தான், யார் இரவோடு இரவாக வேலியைத் தள்ளிப் போட்டார்கள் என்பதெல்லாம் எங்கள் ஆக்கள் விளையாடிச் சேர்த்த கதை. நாளைக்கு இன்னொரு பதிப்பு வந்தாலும் அது 998இலிருந்துதான் தொடங்கும், எங்கள் பள்ளிக்கூடத்தை யாரும் இடிக்கமாட்டார்கள்.

பழைய கதைக்குள் புதியதை எப்படி வைப்பது என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் வற்றாப்பளையில் இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் மதுரையை எரித்த கண்ணகி சேரநாட்டு மலைக்குப் போய், வேங்கை மரத்தின் கீழ் நின்று, பதினான்காம் நாள் கோவலனோடு வானுலகம் போகிறாள். எங்கள் ஆக்கள் சொல்லும் கதையில் அவள் கோபம் ஆறாமல் கடல் கடந்து ஈழத்துக்கு வருகிறாள். நந்திக்கடல் கரையில் மாடு மேய்க்கும் பெடியன்களுக்குக் கிழவியாகத் தோன்றுகிறாள். பசி என்கிறாள், அவர்கள் பொங்கிக் கொடுக்கிறார்கள். பொழுதுபட்டு விளக்குக்கு எண்ணெய் இல்லை என்றபோது கடல்நீரை ஊற்றி எரிக்கச் சொல்கிறாள், எரிகிறது. இன்றைக்கும் வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீரில்தான் விளக்கு எரிக்கிறார்கள். இளங்கோவடிகள் எழுதியது செல்லாது என்று வன்னியில் யாரும் அறிவிக்கவில்லை. மதுரை எரிந்தது எரிந்ததுதான், கோவலன் செத்தது செத்ததுதான். அதற்குப் பிறகு அவள் எங்கே போனாள் என்ற இடத்தில் ஊர் தன் கதையை வைத்தது. முடிவு இரண்டு இடத்திலும் ஒன்றல்ல. அதற்காக யாரும் சண்டை பிடித்ததை நான் கேட்டதில்லை. பொங்கலுக்கு வருகிறவர்களுக்கு அங்கே செய்ய வேலை இருக்கிறது, அது போதும்.

விளையாட்டு உலகங்களிலும் இப்படி நடந்ததுண்டு. ட்ரோ என்ற நிலத்தடி எல்ஃப் இனம் பல பதிப்புகளாக, கறுத்த தோலும் பிறவிக் கொடுமையுமாகவே எழுதப்பட்டு வந்தது. அது உறுத்தியது, உறுத்தவேண்டியதுதான். 2021இல் பழைய கதை எதையும் அழிக்காமல், சிலந்தித் தெய்வத்தை வணங்காத ட்ரோ ஆக்கள் வேறு இரண்டு நகரங்களில் முன்பிருந்தே வாழ்கிறார்கள் என்று சேர்த்தார்கள். நாம் இதுவரை பார்த்தது முழு இனத்தையும் அல்ல, ஒரு தெய்வத்தின் பிடிக்குள் இருந்தவர்களை மட்டும் என்றாகிவிட்டது. உங்கள் 2001 புத்தகத்தில் ஒரு வரிகூடப் பொய்யாகவில்லை.

ரெல்ம்ஸுக்கு இந்த வசதி பிறவியிலேயே இருந்தது. பழைய வழிகாட்டிகளில் பலவற்றை வோலோ என்ற ஊர்சுற்றி எழுதியதாகவும், எல்மின்ஸ்டர் ஓரத்தில் குறிப்புப் போட்டதாகவும் அமைத்திருந்தார்கள். சொல்கிறவன் ஒரு பாத்திரம் என்றால் அவன் பிழையாகக் கேள்விப்பட்டிருக்கலாம், கொஞ்சம் கூட்டியும் சொல்லியிருக்கலாம். உலகத்தில் எதையும் உடைக்காமல், வோலோ அங்கே போகவே இல்லை என்று எழுதிவிட்டுப் போகலாம். இவ்வளவு நல்ல கருவியைக் கையில் வைத்துக்கொண்டு பேரழிவுகளைக் கூப்பிட்டதுதான் எனக்கு விளங்காதது.

மனிதரைப் புண்படுத்தும் எழுத்தைத் திருத்துவதைப் பற்றி எனக்கு இரண்டாவது யோசனை இல்லை. 2016இல் வந்த கேர்ஸ் ஒஃப் ஸ்ட்ராட் என்ற டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் கதைப்புத்தகத்தில் விஸ்தானி என்ற நாடோடி இனம் இருந்தது. குடி, களவு, சாபம் என்று ஐரோப்பாவின் ரோமா மக்களைப் பற்றிய பழைய வசைகளே வேறு பெயரில். 2020இல் திருத்தினார்கள். கதைக்கு ஒரு குறையும் வரவில்லை. கட்டாயம் செய்யவேண்டிய வேலை. 2024இன் விதிப்புத்தகத்தில் ஓர்க் இனத்தை விளையாடக்கூடிய இனங்களோடு சேர்த்ததும் நல்லது. அதே புத்தகத்தில் அரை எல்ஃபையும் அரை ஓர்க்கையும் பட்டியலிலிருந்து எடுத்தது எனக்குப் பிடிக்கவில்லை. பழைய விதியை வைத்து விளையாடலாம் என்றார்கள், உண்மைதான். இரண்டு பக்கத்துக்கும் பிறந்து இரண்டு பக்கத்திலும் ஒட்டாமல் நிற்பவனுடைய கதை இந்த விளையாட்டின் நல்ல கதைகளில் ஒன்று. அதை முதல் புத்தகத்தில் புதியவன் பார்க்கவேண்டும்.

இதற்கு நேர்மாறான கேடு ஒன்றையும் சொல்லவேண்டும். வாம்பயர் த மாஸ்கரேட் 1991இல் வந்த விளையாட்டு, எங்களுடைய உலகத்திலேயே வாம்பயர்கள் ஒளிந்திருப்பதாகக் கதை. 2018இல் அதன் ஐந்தாம் பதிப்பு வந்தது. உலகத்தை இன்றைய காலத்துக்குக் கொண்டுவருகிறோம் என்று, செச்னியாவில் தன்பாலீர்ப்பாளர்கள் மீது உண்மையிலேயே நடந்துகொண்டிருந்த வேட்டையை எடுத்து, அது வாம்பயர்கள் தங்கள் ஆட்சியை மறைக்கப் போட்ட நாடகம் என்று எழுதிவிட்டார்கள். கண்டனம் எழுந்தது. உரிமையாளரான பரடொக்ஸ் மன்னிப்புக் கேட்டு அந்த அத்தியாயத்தை நீக்கியது. அந்தப் புத்தகத்தை விட்ட வைட் வுல்ஃப் தனி நிறுவனமாக நூல் எழுதி வெளியிடுவதும் அதோடு நின்றது. இதை இங்கே இருக்கிறவர்களுக்கு நான் நீட்டி விளக்கத் தேவையில்லை. நந்திக்கடல் கரையில் நடந்ததை ஒரு இரத்தக்காட்டேரியின் சூழ்ச்சி என்று எங்கோ ஒருவர் புதிய பதிப்புக்குச் சுவை சேர்க்க எழுதினால் எப்படி இருக்கும்? கற்பனை நாட்டை எரித்தால் எனக்கு எரிச்சல் வரும், அவ்வளவுதான். உண்மையில் செத்தவர்களைக் கற்பனைக்குச் சாட்டாக எடுத்தால் அந்தப் புத்தகத்தை வீட்டுக்குள் வைக்கமாட்டேன்.

கொம்பனியின் கை மீறி வரும் மாற்றங்களும் உண்டு. 2023 ஜனவரியில், டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் விதிகளை வைத்து மற்றவர்களும் புத்தகம் போட இடம்கொடுத்த திறந்த உரிமத்தை மாற்றப் பார்த்து விசர்ட்ஸ் பெரும் சண்டையைக் கிளப்பியது. பாத்ஃபைண்டர் விளையாட்டு அந்த உரிமத்தில் நின்றது. அதே வருட முடிவில் பாத்ஃபைண்டரை வெளியிடும் பைசோ கொம்பனி தன் புத்தகங்களைத் திருத்தி வெளியிட்டபோது, சட்டச்சிக்கலைத் தவிர்க்க ட்ரோ இனத்தையே உலகத்திலிருந்து எடுத்துவிட்டு, நிலத்தடியில் அந்த இடத்தில் பாம்பு மனிதரை வைத்தது. இதற்கு யாரைக் கோபிப்பது? காரணத்தை ஒளிக்காமல் சொன்னார்கள், எரிகல் விழுந்து ட்ரோ அழிந்தது என்று கதை விடவில்லை. அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. பாத்ஃபைண்டரில் காலமும் எங்கள் காலத்தோடு வருடத்துக்கு வருடம் நகருகிறது. நூறு வருடம் ஒரேயடியாகப் பாயாமல் மெல்ல நகர்ந்தால் மேசைகளும் கூடவே நடக்கலாம். எனக்கு அது ருசிக்கவில்லை, ஆனால் ருசிப்பவர்களைக் குறை சொல்லமாட்டேன்.

இனி உங்கள் மேசைக்கு வருவோம். 2021இல் விசர்ட்ஸ் கொம்பனியே சொல்லிவிட்டது: ஐந்தாம் பதிப்புக்கு அதன் விளையாட்டுப் புத்தகங்களில் உள்ளது மட்டுமே அதிகாரபூர்வக் கதை. நாவலோ, கணினி விளையாட்டோ, பழைய பதிப்போ கட்டுப்படுத்தாது. எனவே பெடியன் கணினியில் பார்த்ததைக் காட்டி உங்களை மடக்கமுடியாது. நீங்களும் 2001ஐக் காட்டி அவனை விரட்டமுடியாது. யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல வெளிக்கிடவேண்டாம், அவனுக்கு அந்தப் பாத்திரத்தைக் கொடுங்கள். 1372இல் பாஹ்ல் செத்தவன்தான். ஆனால் தன் சாவை முன்கூட்டியே அறிந்து பல இனத்துப் பெண்களிடம் பிள்ளைகளை விட்டுப்போனான் என்பதும் பழைய கதைதான், 1998இல் வந்த முதலாவது பால்டர்ஸ் கேட் விளையாட்டே அதை வைத்துத்தான். பாத்திரத்துக்கு இருபது வயது என்று வையுங்கள், கணக்குச் சரியாக வரும். பாஹ்ல் திரும்பி வருவான் என்று பெடியனுக்குத் தெரியும், பாத்திரத்துக்குத் தெரியாது. செத்த தகப்பன் கனவில் வந்து கதைக்கிறான். அது வாக்கா, வெறும் பைத்தியமா என்று குழுவில் ஒருவருக்கும் தெரியவேண்டாம். உங்கள் உலகத்தில் அவன் வருவானா என்பதை நீங்களும் இப்போதே முடிவுசெய்யவேண்டாம்.

1385க்கு இன்னும் 13 வருடம் இருக்கிறது. மேசை அவ்வளவு தூரம் போனால் மிஸ்ட்ராவைக் கொல்லவேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. கொல்வதற்கு ஒரு சதி நடக்கிறது என்ற செய்தியை ஒரு பூசாரியின் காதில் விழப்பண்ணுங்கள். உங்கள் ஆக்கள் தடுத்தார்களென்றால் நான்காம் பதிப்பு உங்கள் உலகத்தில் நடக்கவே இல்லை.

இன்னொன்று. பெடியன் 1492இல் பார்த்த ஆக்களில் பலர் 1372இல் பிறந்திருக்கமாட்டார்கள், அதைச் சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் ஏமாந்துபோவான். ஆனால் ஜஹெய்ரா இருக்கிறாள். 1998இன் விளையாட்டிலும் வந்தவள், அரை எல்ஃப், பாஹ்லின் பிள்ளை ஒருத்தரோடு ஏற்கனவே அலைந்து களைத்தவள். அவன் கிழவியாகப் பார்த்தவளை 120 வயது குறைத்து, முதல் நாளே சத்திரத்தில் எதிர்க்கதிரையில் இருத்துங்கள். அவன் யாருடைய பிள்ளை என்று அவளுக்குப் பார்த்த உடனேயே சந்தேகம் வரட்டும், கை கத்திப் பிடிக்குப் போகட்டும். பிறகு நடப்பதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.